கடையில் இல்லாத பாகம்: கொழும்பின் இலத்திரனியல் ஆர்வலர்களும் ஒரு நூறாண்டுக் கேள்வியும்

மருதானைத் தொழினுட்பக் கல்லூரியின் வாசலிலிருந்து ஒல்கொட் மாவத்தை வழியே மேற்கு நோக்கி நடந்தால் சிறிது நேரத்தில் புறக்கோட்டைக்கு வந்துவிடலாம். கல்லூரி 1893இல் தொடங்கியது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு இலத்திரனியல் சாமான்களுக்குப் பேர்போனது. படிப்பதற்கு ஓர் இடமும் பாகங்கள் வாங்க ஓர் இடமும் இத்தனை அருகில் இருந்தும், வீட்டில் வானொலியோ ஒலிபெருக்கியோ அளவீட்டுக் கருவியோ கட்ட விரும்புகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே கேள்வியைத்தான் கேட்டு வருகிறார்கள்: வரைபடத்தில் இருக்கும் பாகம் கடையில் இல்லையென்றால் என்ன செய்வது?

இதற்கு இதுவரை கிடைத்திருக்கும் விடைகள் பல. பழையதிலிருந்து கழற்று என்பது ஒன்று. இறக்குமதியைத் திறந்துவிட்டால் எல்லாம் வரும் என்பது இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொள் என்கிறார்கள் சிலர். கையில் உள்ளதைக் கொண்டு சுற்றையே மாற்றிக் கட்டு என்கிறார்கள் வேறு சிலர். ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் நெருக்கடியிலிருந்து பிறந்தது. அந்தக் காலத்தின் குறையும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எது கிடைப்பதில்லை?

முதலில் கேள்வியையே சற்றுத் துலக்க வேண்டியிருக்கிறது. கொழும்பில் இன்று எல்லாமே அரிது என்று சொல்ல முடியாது. ஆர்டுயினோ பலகையின் நகல்கள், தூரம் அளக்கும் மீயொலி உணரி, மோட்டாரை இயக்கும் சிறு பலகைகள், ஈஎஸ்பி வகை வைஃபை சிப்கள் ஆகியவை எளிதில் கிடைக்கின்றன. 2013இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு அறிமுகமான பிறகு மாணவர் செயற்றிட்டங்களுக்கான தேவை கூடியது. கடைகளும் அதற்கேற்பப் பொருள் வைத்துக்கொண்டன என்று கொள்ள இடமுண்டு.

தட்டுப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. வானொலி இசைவிக்கும் மாறும் கொள்ளளவி (கடைக்காரர் 'கேங் கண்டென்சர்' என்பார்), 455 கிலோஹேர்ட்ஸ் ஐ.எஃப். கொயில், உயர் மீடிறனுக்கான இரும்புத்தூள் வளையங்கள், கால் நீண்ட ஜேஃபெட் திரான்சிஸ்டர்கள், குறித்த மீடிறனில் அதிரும் கிறிஸ்டல்கள், வால்வுகள், ஒலியைத் தாமதப்படுத்தும் பழைய சிப்கள் போன்றவை அரிதாகிவிட்டன. அரை நூற்றாண்டுக்கு முன் எதுவுமே கிடைக்காமல் இருந்தது. இன்று எண்முறைப் பாகம் மலிந்து, ஒப்புமைச் சுற்றுக்கும் வானலைக்கும் உரியவை மறைந்துகொண்டிருக்கின்றன. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் சொல்லப்படும் தீர்வுகள் பெரும்பாலும் பழைய பிரச்சினைக்கான தீர்வுகளாகவே நின்றுவிடுகின்றன.

கழற்றி எடுப்பது

இலங்கையின் மிகப் பழைய விடை இதுதான். 1921இல் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக இங்கு வந்த எட்வர்ட் ஹார்ப்பர், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பிச் சோதித்தார். அதற்கான பரப்பியைத் திணைக்களத்துப் பொறியியலாளர்கள், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு கட்டினார்கள். முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் திகதி தொடங்கியது. ஆசியாவின் தொடக்ககால வானொலிகளுள் ஒன்று, வேறொருவர் வேறொரு தேவைக்காகச் செய்த கருவியின் பாகங்களால் எழுந்தது. ஹார்ப்பர் இலங்கையரும் பிரித்தானியருமான ஆர்வலர்களைச் சேர்த்து வானொலிக் கழகமொன்றையும் அமைத்தார். ஆகவே ஆர்வலர் மரபும் ஒலிபரப்பு மரபும் இங்கே ஒன்றாகவே பிறந்தவை.

இன்று அந்த நீர்மூழ்கியின் இடத்தில் பழைய தொலைக்காட்சி, கணினி மின்வழங்கி, எரிந்துபோன சிஎஃப்எல் குமிழ், பழுதான யுபிஎஸ் ஆகியவை இருக்கின்றன. சிஎஃப்எல் குமிழின் அடிப்பாகத்தில் 13003 வகைத் திரான்சிஸ்டர் இரண்டும் உயர் அழுத்தக் கொள்ளளவிகளும் ஒரு சிறு வளையமும் கிடைக்கும். மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகங்களுக்கான இடம். ஆனால் ரிலே, கண்ணாடி துடைக்கும் மோட்டார், நல்ல இணைப்பிகள் வேண்டியவர்களுக்கும் அது பயன்படக்கூடியது.

இந்த விடையின் பலவீனம், கழற்றும் பொருள் மாறிவிட்டது என்பதே. பழைய தொலைக்காட்சியில் பெயர் தெரிந்த பாகங்கள் இருந்தன. புதியதில் தயாரிப்பாளருக்கென்றே செய்யப்பட்ட சிப் ஒன்றும் அரிசியிலும் சிறிய பாகங்களும்தான் உள்ளன. பழைய மின்பகு கொள்ளளவிகள் காய்ந்திருக்கும். படக்குழாய்த் தொலைக்காட்சியை அனுபவமில்லாதவர் திறப்பது உயிராபத்து. அதோடு, தோற்றம் ஏமாற்றும். கணினி மின்வழங்கியில் வரும் மஞ்சள் வளையத்தின் ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும். அது தாழ் மீடிறனில் மின்னோட்டத்தைச் சீராக்குவதற்கானது. வானொலி வரைபடங்கள் கேட்கும் 6ஆம் இலக்கக் கலவை வளையமும் மஞ்சள்தான். முதலாவதை இரண்டாவதன் இடத்தில் சுற்றியவருக்கு இசைவு கூர்மையாக வராது. வரைபடம் பிழை என்று நினைத்துக் கைவிடுவார்.

இறக்குமதிக் கதவு

இரண்டாவது விடை அரசியல் சார்ந்தது: தட்டுப்பாடு கட்டுப்பாட்டால் வருகிறது, கட்டுப்பாட்டை நீக்கினால் தீரும். 1970 முதல் 1977 வரையான ஐக்கிய முன்னணி ஆட்சியின் இறக்குமதி உரிம முறையை அனுபவித்த தலைமுறைக்கு இது வாதமாகத் தோன்றியிராது; கண்ட உண்மை அது. 1977 இறுதியில் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பானிய வானொலிகளும் ஒலிநாடாக் கருவிகளும் குவிந்தன. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் வந்தன. திருத்த வேலை பெருகியது. அதோடு 2எஸ்சி, 2எஸ்ஏ என்று தொடங்கும் ஜப்பானிய இலக்கங்களும் கடைக்கு வந்தன.

வடக்கில் கதவு வேறு விதமாக மூடப்பட்டது. 1990 முதல் யாழ்ப்பாணத்துக்குச் செல்லத் தடையான பொருள்களில் பற்றரியும் ஒன்று. மின்சாரமும் இல்லை. பிபிசியின் தமிழோசை கேட்பதற்காகச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் மிதிகட்டையைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலியை ஓட்டினார்கள். டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோல்ற் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் சில டயோட்டுகளும் ஒரு கொள்ளளவியும் தேவை. பழுதான கருவிகள் அவற்றைக் கொடுத்தன. அதே காலத்தில் கொழும்பில் பற்றரியும் நேரங்காட்டிச் சுற்றும் ரிமோட்டும் வைத்திருக்கும் தமிழ் இளைஞன் பாதுகாப்புப் பிரிவினரின் சந்தேகத்துக்கு எளிதில் ஆளாகக்கூடியவன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தப் பொழுதுபோக்கு வளராமல் போனதற்குக் கடை இருப்பை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

1983 ஜூலையையும் இதே கணக்கில் வைக்க வேண்டும். புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிந்தபோது, எந்த இழுப்பறையில் என்ன இருக்கிறது, எதற்குப் பதிலாக எது போகும் என்ற நினைவும் பல இடங்களில் கடைக்காரரோடு நாட்டைவிட்டுப் போயிற்று. மோட்டோரோலா, ஹரிஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் இலங்கையில் சிப் தொழிற்சாலை அமைக்கவிருந்து அந்த வன்செயலுக்குப் பின் விலகின என்பது பொருளியல் எழுத்துகளில் அடிக்கடி கூறப்படுகிறது. அவை வந்திருந்தாலும் ஆர்வலரின் கைக்குப் பாகம் வந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. அத்தகைய தொழிற்சாலைகள் ஏற்றுமதிக்கானவை. பயிற்சி பெற்ற மனிதர்கள் ஆயிரக்கணக்கில் உருவாகியிருப்பார்கள் என்பதுதான் உண்மையான இழப்பு.

2020இல் கதவு மீண்டும் சாத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடன் செலுத்துவதை நிறுத்தியது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் நடுப்பகுதியில் 360ஐ அண்மித்தது. 15 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 ஆனது. பாகத்தின் விலை உயர்ந்ததற்கு இவையெல்லாம் காரணம். ஆயினும் கதவு அகலத் திறந்திருந்த 1990களிலும் 2000களிலுமே கேங் கண்டென்சரும் ஐ.எஃப். கொயிலும் மறையத் தொடங்கிவிட்டன. அவற்றைத் தடுத்து நிறுத்திய வர்த்தமானி எதுவும் இல்லை. வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. கட்டுப்பாடு தட்டுப்பாட்டைக் கூர்மையாக்கும் என்பது மறுக்க முடியாதது. அதுவே முழுக் காரணம் என்ற நிலைப்பாடு இந்த இடத்தில் தடுமாறுகிறது.

கடல் கடந்து வரும் பொதி

உலகளாவிய அஞ்சல் விற்பனை பிரச்சினையைத் தீர்த்துவிட்டது என்பவர்கள் இன்று பலர். அமெரிக்காவின் டிஜி-கீ 1972இல் தொடங்கியது. மோர்ஸ் குறி அனுப்பும் கருவியை அமெச்சூர் வானொலியாளருக்கு விற்றதிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. ஆர்வலருக்காகப் பிறந்த கடை இன்று தொழிற்சாலைகளுக்கு விற்கும் பெருநிறுவனம். சீனாவின் ஷென்ஜென் நகரச் சந்தையும் இணையம் வழியாக வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. சென்னையின் இலத்திரனியல் சந்தையான ரிச்சி தெருவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். போய் வருகிறவரிடம் சொல்லியனுப்புவது கொழும்புத் தமிழருக்குப் புதிதல்ல.

இங்கே இரண்டு தடைகள் உண்டு. சில்லறைக் காசுக்கு வாங்கும் திரான்சிஸ்டருக்கு அதைப்போலப் பல மடங்கு அனுப்பும் கட்டணமும், சில வேளைகளில் சுங்கச் செலவும் சேரும். பரப்பிகளும் வானலைக் கருவிகளும் என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். பலர் சேர்ந்து ஒரே பொதியாகத் தருவிப்பது செலவைக் குறைக்கும். ஆனால் முன்பணம் யார் கட்டுவது, மிஞ்சியதை யார் வைத்திருப்பது என்ற கேள்விகளில் அந்த முயற்சி எளிதில் நின்றுபோகக்கூடியது.

இரண்டாவது தடை இன்னும் கடினமானது: போலி. அரிய பாகம் எதுவோ அதுவே அதிகம் போலியாகிறது. ஒலிபெருக்கி கட்டுவோர் விரும்பும் தொஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 இணை இதற்கு நல்ல உதாரணம். போலியின் உள்ளே சிறிய சிலிக்கன் துண்டுதான் இருக்கும்; மெல்லிய ஒலியில் ஒழுங்காக வேலை செய்து, ஒலியைக் கூட்டியதும் எரிந்துபோகும், பெரும்பாலும் ஸ்பீக்கர் பெட்டியையும் சேர்த்து. வேறு சிப்பின் மேற்பரப்பைச் சுரண்டிப் புதிய இலக்கம் அச்சிடுவதும், சிறிய கொள்ளளவியைப் பெரிய குவளைக்குள் ஒளித்து வைப்பதும் தெரிந்த தந்திரங்கள். 18650 வகை லிதியம் பற்றரியில் 9900 மில்லிஅம்பியர்மணி என்று எழுதியிருந்தால் அது பொய். அந்த அளவுக் குப்பிக்குள் 3500க்கு மிக அதிகமாக அடைக்க முடியாது. 2014இல் எஃப்டிடிஐ நிறுவனம், தன் யுஎஸ்பி சிப்பின் போலிகளைச் செயலிழக்கச் செய்யும் மென்பொருளையே வெளியிட்டது. பலருக்குத் தாம் வாங்கியது போலி என்று அன்றுதான் தெரிந்தது. தண்டனை போலி செய்தவருக்குப் போகவில்லை, வாங்கியவருக்கே போயிற்று.

கால்களைத் தானாக அடையாளம் கண்டு, வகையையும் பெருக்கத்தையும் காட்டும் மலிவான சோதனைக் கருவி இப்போது பரவலாகக் கிடைக்கிறது. அதற்கு அடிப்படை, ஜெர்மன் ஆர்வலர்கள் வெளிப்படையாகப் பகிர்ந்த வடிவமைப்பு. சிறு பாகங்களுக்கு அது போதும். பெரிய திரான்சிஸ்டர் சுமை தாங்குமா என்பதை அது சொல்லாது.

பதிலுக்கு எது?

நான்காவது நிலைப்பாடு, பாகத்தைத் தேடுவதை விட்டு அது செய்யும் வேலையைத் தேடு என்கிறது. நால்வகை விடைகளில் அறிவு அதிகம் கேட்பதும் பணம் குறைவாகக் கேட்பதும் இதுவே.

1969இல் டெல்லியில் தொடங்கிய 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' இதழின் சுற்றுகளைக் கட்ட முனைந்தவருக்கு எஸ்எல்100, எஸ்கே100 என்ற இலக்கங்கள் பழக்கமானவை. இந்தியச் சந்தையில் அவை அன்றாடப் பாகங்கள். இந்தியாவுக்கு வெளியே அந்தப் பெயர் செல்லாது. அவற்றின் வேலையைப் பல சுற்றுகளில் 2என்2219 அல்லது பிடி139, பிடி140 இணை செய்துவிடும், கால்களின் வரிசை வேறு என்பதை மறக்காமல் இருந்தால். டவர்ஸ் தொகுத்த திரான்சிஸ்டர் தெரிவு நூல் போன்ற ஒப்பீட்டுப் பட்டியல்கள் திருத்துநரின் மேசையில் இருந்ததற்குக் காரணம் இதுதான். 1972இல் ஃபெரான்டி வெளியிட்ட இசட்என்414, மூன்றே கால்களில் ஒரு வானொலியின் பெரும்பகுதியை அடக்கியது. அது நின்று நெடுங்காலம் ஆகிறது. ஆனால் டிஏ7642 ஏறக்குறைய அதே வேலையை ஒற்றைப் பற்றரியில் செய்கிறது.

சுற்றையே சந்தைக்கேற்ப வரைவது இதன் அடுத்த படி. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2003இல் வெளியிட்ட பிட்எக்ஸ், 14 மெகாஹேர்ட்ஸில் சுமார் 6 வாட் வலுவுடன் பேசும் அனுப்பி-வாங்கி. மேலைநாட்டு வரைபடங்கள் கேட்கும் சிறப்பு வளையங்கள் இந்தியாவில் கிடைக்காததால் தண்ணீர்க் குழாயின் வாஷரில் கொயில் சுற்றச் சொன்னார். வடிகட்டிக்குக் கணினிப் பலகைகளுக்கான சாதாரணக் கிறிஸ்டல்கள். கடைசி வலுப் படியில் வானொலிக்கென்று செய்யப்படாத ஐஆர்எஃப்510. அது மின்வழங்கிகளில் ஆளியாக வேலை செய்யப் பிறந்தது. உலகெங்கும் அந்தக் கருவியைக் கட்டினார்கள். தென்னாசியச் சந்தையின் குறையே வடிவமைப்பின் தொடக்கமாக அமைந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று சொல்வது கடினம்.

'எங்கும் கிடைக்கும்' என்ற சொல்லை ஐயத்தோடு படிக்கவும் இந்த நிலைப்பாடு கற்றுத்தருகிறது. அமெரிக்க வரைபடங்கள் பல, பழைய வண்ணத் தொலைக்காட்சியிலிருந்து 3.579 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டலைக் கழற்றிக்கொள் என்கின்றன. அது 80 மீற்றர் அலைவரிசைக்குள் அழகாக விழும். இலங்கையில் தொலைக்காட்சி 'பால்' (PAL) முறை. இங்கே கழற்றினால் வருவது 4.433 மெகாஹேர்ட்ஸ், அது எந்த அமெச்சூர் அலைவரிசையிலும் விழாது. ஆனால் பொத்தான் அழுத்தும் பழைய தொலைபேசிகளின் தொனிச் சுற்று அதே 3.579ஐத்தான் பயன்படுத்தியது. தொலைக்காட்சியை விட்டுத் தொலைபேசியைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு அந்தப் பாகம் அரிதே அல்ல.

இதற்கும் எல்லை உண்டு. வானலை வலுத் திரான்சிஸ்டருக்குப் பதில் வைப்பது மீடிறன் ஏற ஏறக் கைகொடுக்காது. ஐஆர்எஃப்510 தாழ்ந்த அலைவரிசைகளில் தரும் வலுவை உயர்ந்தவற்றில் தருவதில்லை. குறித்த சிப்பின் ஒலிக்காகவே கட்டும் பழைய இசைக்கருவிகளில் மாற்று என்பதே பொருளற்றது. மிகை மின்னோட்டத்திலிருந்து காக்கும் உருகி, மின்கம்பியோடு நேரே இணையும் பாதுகாப்புக் கொள்ளளவி ஆகியவற்றில் 'இதுவும் போகும்' என்ற பேச்சுக்கு இடமே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொடங்கும் மாணவரிடம் இந்த அறிவு இருக்காது. பாகம் இல்லாதவரை நோக்கி அறிவைக் கொண்டு வா என்பது, அதைக் கொடுக்க யாரும் இல்லாதபோது, கைவிடுவதற்குச் சமம்.

இருப்பு எங்கிருந்து வருகிறது

இந்த நான்கு விடைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, நான்குமே அதிகம் பேசாத ஒன்று தென்படுகிறது. ஆர்வலருக்காகவே கொழும்பில் யாரும் பெரிய அளவில் இருப்பு வைத்ததாகத் தெரியவில்லை. அவர் வாங்கியதெல்லாம் வேறொருவரின் தேவைக்காக வந்தது. 1920களில் அது போர்க் கருவி. 1980களில் வானொலி, தொலைக்காட்சி திருத்துநரின் தேவை. 2013க்குப் பின் மாணவர் செயற்றிட்டம். ஏஎம் வானொலியைத் திருத்துவோர் குறைந்தபோது ஐ.எஃப். கொயில் போயிற்று. பழுதான கருவியை வீசிவிட்டுப் புதிதை வாங்குவது வழக்கமானபோது சிறு பாகங்களின் பல்வகைமை சுருங்கியது. இறக்குமதிக் கொள்கை இந்தச் சுருக்கத்தை விரைவாக்கலாம், தாமதப்படுத்தலாம். தோற்றுவித்தது அது அல்ல என்றே தோன்றுகிறது.

இது சரியென்றால், ஆர்வலரின் நலன் திருத்தத் தொழிலின் நலனோடு கட்டுண்டது. திருத்துவதற்கான உரிமை, வரைபடங்களை வெளியிடச் சொல்லுதல், உதிரிப்பாகத்துக்குத் தனி வரிச் சலுகை போன்ற கோரிக்கைகள் ஆர்வலருக்கும் உரியவை. 2022இன் நெருக்கடியில் புதிய கருவி வாங்க முடியாமல் மக்கள் மீண்டும் திருத்தக் கடைக்குப் போனார்கள். அது தற்காலிகமா, நிலைக்குமா என்பதை இப்போதே தீர்ப்பது அவசரம்.

தீராமல் இருப்பவை

கால் நீண்ட பாகங்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் உற்பத்தியாகும் என்பது கொழும்பின் கையில் இல்லை. தயாரிப்பாளர் ஒருவர் நிறுத்தினால் அந்த வரிசையே போய்விடும். மேற்பரப்பில் பொருத்தும் சிறு பாகங்களுக்கு மாறிக்கொள்வது ஒரு வழி. கண்பார்வையும் கருவியும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். பலகையையே சீனாவில் பாகத்தோடு செய்வித்துத் தருவிப்பது மலிவாகிவிட்டது. அப்படி வரும் பலகையைக் கட்டுவதில் கற்றல் எவ்வளவு மிஞ்சும் என்பதில் ஆர்வலரிடையே இணக்கம் இல்லை.

கூட்டாக இருப்பு வைக்கும் அமைப்பு சாத்தியமா என்பது அடுத்தது. 1950இல் தொடங்கிய இலங்கை வானொலிச் சங்கம் போன்ற பழைய அமைப்புகளும், தொழினுட்பக் கல்லூரிகளும், பாடசாலைக் கழகங்களும் சேர்ந்தால் ஐம்பது அரிய இலக்கங்களையாவது வாங்கி வைக்கலாம். எந்த ஐம்பது என்று தெரிவு செய்ய, எது எத்தனை முறை தேடப்படுகிறது என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை எடுப்பதுதான் முதல் வேலை.

மூன்றாவது விடயம் காத்திருக்காது. எதற்கு எது பதில், கால்களின் வரிசை என்ன, எந்தப் பழைய கருவியில் எது கிடைக்கும் என்பதை மருதானையிலும் புறக்கோட்டையிலும் நாற்பது ஆண்டுகளாகத் திருத்த மேசையில் இருந்தவர்கள் மனத்தில் வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் தொழிலை விடும் வயதில் இருக்கிறார்கள். தொழினுட்பக் கல்லூரி மாணவர்கள் குறிப்பேட்டோடு அந்த மேசைகளுக்குப் போக வேண்டும். கேட்டதைத் தமிழிலும் சிங்களத்திலும் பட்டியலாக்கிக் கல்லூரி நூலகத்தில் வைக்க வேண்டும். இதற்கு டொலரும் தேவையில்லை, இறக்குமதி அனுமதியும் தேவையில்லை. இந்த ஆண்டே தொடங்கலாம்.